பத்திலொரு பங்கும் பழைய நிலப்படமும்

நிலம் வாய்திறந்து பேசாது. ஆயினும், நிலத்தை அளந்தார் எழுதிவைத்த ஏடு பேசும். அரசர் பெயரையும் அவர்தம் போர்களையும் அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் நூல்களும் கருவியாவன. ஆனால், ஒரு நாட்டின் சிற்றூர் ஒன்றன்கண் நூற்றெண்பது ஆண்டுகட்கு முன் எந்த வயல் உழப்பட்டது, எது புல்வெளியாய்க் கிடந்தது, எது காடாய் நின்றது, எவர் அதனை உடையார், எவர் அதிற் பாடுபட்டார் என்பனவற்றை அறிதல் எங்ஙனம்? அரசர் வரலாறெழுதினார் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்திலர். வரியும் கடமையும் தண்டுவோரே தம் காரியங்கருதி இவற்றை எழுதி வைத்தனர். அவ்வாறு எழுதப்பட்டவற்றுள், இங்கிலாந்திலும் வேல்சு நாட்டிலும் சமயக்கடமை ஒன்றன் பொருட்டு வரையப்பட்ட நிலப்படங்கள் மிகவும் கருதத்தக்கன. அவை எக்காரணத்தாற் பிறந்தன, இற்றை நாளிற் கணினியிலேற்றப்பட்டு எவ்வாறு பயன்படுகின்றன, அவற்றை நம்புதற்கு எல்லை யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம். கோயிற்கு நிலம் விடுதலையும் அதனை ஆவணப்படுத்தலையும் வழிவழியாக உடைய நம்மவர்க்கு இவ்வாராய்ச்சி அயலதன்று.

1. தசமபாகம்

கிறித்து சமயம் பரவிய ஐரோப்பிய நாடுகளிற் குடிகள் தத்தம் நிலத்து விளைவிற் பத்திலொரு பங்கைக் கோயிற்கும் குருமாருக்கும் கொடுத்தல் பழைய வழக்கு. அதனைத் தசமபாகம் என்பர். இங்கிலாந்தில் ஒவ்வோர் ஊர்க்கோயிலும் தனக்கெனக் குறித்த நிலவெல்லை ஒன்றை உடைத்தாயிருந்தது. இத்தகைய எல்லையை யாழ்ப்பாணத்தார் கோயிற்பற்று என்பர். அச்சொல் பொருத்தமாதலின் யாமும் அதனையே வழங்குவாம். தானியம், உலர்புல், மரம் ஆகியவற்றின் பங்கு பெரும்பங்கு எனவும், ஆட்டுக்குட்டி, கம்பளி, பால், முட்டை முதலியவற்றின் பங்கு சிறுபங்கு எனவும் வகுக்கப்பட்டன. அறுவடைக் காலத்திற் பத்தாவது கதிர்க்கட்டு வயலினின்றே பிரிக்கப்பட்டுக் களஞ்சியம் சேர்ந்தது.

தொடக்கத்தில் அன்பினாற் கொடுக்கப்பட்டது நாளடைவிற் சட்டத்தினாற் பெறப்படுவதாயிற்று. எட்டாம் என்றி மன்னன் 1536 முதல் 1540 வரையுள்ள காலத்தில் மடங்களைக் கலைத்தபோது, அம்மடங்கட்கு உரியவாயிருந்த பங்குரிமைகள் பல அரசன் வாயிலாகச் செல்வர் கைப்பட்டன. எனவே, உழவன் கோயிற்கென்று பிரித்த கதிர்க்கட்டுக் கோயிலைச் சேராது ஒரு செல்வர் மாளிகையைச் சேர்வதும் உண்டாயிற்று. அன்றியும், அரசாங்கத் திருச்சபையோடு உடன்படாத பிற கிறித்தவக் கூட்டத்தாரும் இப்பங்கினைக் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. உரமிட்டும் வடிகால் வெட்டியும் நிலத்தைத் திருத்தினவன் மிகுதியாகக் கொடுப்பவனும், திருத்தாது விட்டவன் குறைவாகக் கொடுப்பவனும் ஆயினமையின், இது முயற்சியுடையார்க்கு ஒரு தண்டமாகவே தோன்றிற்று. குருவும் உழவனும் களத்தின்கண் மாறுபட்டு நிற்பாராயின், அவரிடையே சமயவுணர்ச்சி எங்ஙனம் வளரும்? இம்மாறுபாட்டை ஒழித்தற்கே 1836ஆம் ஆண்டில் தசமபாக மாற்றுச் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின் கருத்து இது: விளைபொருளிற் பங்கு கொடுத்தலை நிறுத்தி, ஒவ்வொரு கோயிற்பற்றுக்கும் ஒரு பணத்தொகையை வரையறுத்து, அத்தொகையை அப்பற்றிலுள்ள நிலங்களின்மேற் பகிர்ந்து விடுதல். 1835ஆம் ஆண்டு முடிய ஏழாண்டுகளிற் கிடைத்த பங்கின் சராசரி மதிப்புத் தொகைக்கு அடிப்படையாயிற்று. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் என்னும் மூன்று தானியங்களின் ஏழாண்டுச் சராசரி விலையை ஒட்டி அத்தொகை ஆண்டுதோறும் ஏறவும் இறங்கவும் விதிக்கப்பட்டது. பகிர்தற்கு நிலத்தின் அளவும் தன்மையும் தெரிதல் வேண்டும். தெரிதற்குப் படம் வேண்டும். இவ்வாறே படங்கள் பிறந்தன.

2. அளவையும் ஆவணமும்

இச்சட்டத்தை நடாத்துதற்கு ஆணையர் மூவர் அமர்த்தப்பட்டனர். அவர் வில்லியம் பிளமைர், தாமஸ் வென்ட்வொர்த் புல்லர், ரிச்சர்டு ஜோன்ஸ் என்பார். இவருள் ஜோன்ஸ் நம் நாட்டு வரலாற்றோடும் ஒருவாறு தொடர்புடையவர். 1831இல் தாம் வெளியிட்ட பொருளியல் நூலில் ஆசிய நாடுகளின் குடிவாரமுறையைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர். மால்தஸ் என்னும் அறிஞருக்குப் பின், கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் உத்தியோகத்தார்க்கென நடாத்திய எயிலிபரிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். சென்னை மாகாணத்துக்கு நிலவரி தண்டவந்த இளைஞர் பலர் பயின்ற கல்லூரி அதுவே. தசமபாகத்தைப் பணமாக்கிய கையும், இந்திய நிலவரியைப் பற்றி இளைஞர்க்குக் கற்பித்த நாவும் ஒருவருடையனவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

படம் வரைதலை மேற்பார்க்க அமைந்தவர் இராபர்ட்டு கியர்ஸ்லி டாசன் என்னும் பொறியியற்படை அலுவலர். மூன்று சங்கிலி நீளம், அஃதாவது 198 அடி, படத்தில் ஓர் அங்குலமாக வரல்வேண்டும் என அவர் திட்டம் செய்தார். நிலத்தின் 2,376 அங்குலம் படத்தின் ஓரங்குலம் எனக் கொள்க. மனை, உழுநிலம், புல்நிலம், நீர்நிலை ஆகியவற்றைக் குறித்தற்கு நாடெங்கும் ஒரே வகையான நிறமும் குறியும் வழங்கவேண்டும் என்பதும் அவர் கருத்து. நாடு முழுமைக்கும் ஒரே அளவையால் ஒரு பெரும்படம் அமைத்துவிட விரும்பினார் அவர். ஆயின், செலவை ஏற்கவேண்டியவர் நிலமுடையார். பங்கினைப் பகிர்தற்கு இத்துணை நுட்பம் வேண்டா என்று அவர் மறுத்தனர். 1837ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நிலமுடையார் உடன்படும் எத்தகைய படத்தையும் ஏற்கலாமென விட்டுக்கொடுத்தது. நுட்பமானவை என ஆணையர் முத்திரையிட்டவை முதல்வகைப் படங்கள் எனப்பட்டன. அவை ஏறக்குறைய 1,900 ஆகும். 11,000க்கு மேற்பட்ட படங்களில் இவை ஆறிலொரு பங்கே. எஞ்சியவற்றுட் சில நன்கு அளந்தவை. சில பழம்படங்களைப் பார்த்து எழுதியவை. சில வெறுங்கோட்டோவியம் போல்வன. டாசன் விரும்பிய ஒருமைப்பாடு கிட்டாமற்போனதன் பயனை இன்று ஆராய்வார் ஒவ்வொருவரும் துய்க்கின்றனர்.

படத்தோடு பகிர்வேடு ஒன்றும் இணைக்கப்பட்டது. படத்திலுள்ள ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஓர் எண் உண்டு. பகிர்வேட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே நிலமுடையார் பெயர், பயிரிடுவார் பெயர், நிலத்தின் பெயர், அதன் பயன்பாடு, பரப்பு, பகிர்ந்த தொகை என்பன நிரல்படும். பரப்பு ஏக்கர், ரூடு, பெர்ச்சு என்னும் அளவைகளால் எழுதப்பட்டது. 40 பெர்ச்சு ஒரு ரூடு, 4 ரூடு ஓர் ஏக்கர். இவ்வாறு படமும் ஏடும் மும்மூன்று படிகளாயின: ஒன்று ஆணையரிடத்தும், ஒன்று அத்தியட்சர் அலுவலகத்தும், ஒன்று அவ்வூர்க் கோயிலிலும் வைக்கப்பட்டன. ஊர்க்கோயிற்படிகள் பல ஈரத்தாலும் கைப்பழக்கத்தாலும் பழுதுற்றன. ஆணையரிடத்திருந்தவை இப்போது இலண்டன் மாநகரின் கியூ என்னுமிடத்துள்ள தேசிய ஆவணக் களரியில் உள்ளன. வேல்சு நாட்டு அத்தியட்சர் படிகளை ஆபெரிஸ்ட்வித்திலுள்ள தேசிய நூலகம் காத்து வருகின்றது. ஒருபடி அழிந்தவிடத்துப் பிறிதொருபடி நின்று உதவியமை காண்க.

3. கணினியிலேற்றும் முறை

ஒரு கோயிற்பற்றின் படத்தையும் ஏட்டையும் மேசைமேல் விரித்து ஆராய்தல் ஒருவர்க்கு இயலும். நூறு பற்றுக்களை ஒருங்கு வைத்து ஒப்புநோக்கல் வாழ்நாள் முழுதும் முயலினும் அரிது. 20ஆம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் கையினாலேயே பலவற்றைக் கணக்கிட்டுக் காட்டினர். ரோஜர் கெயின், ஹியூ பிரின்ஸ் என்னும் இருவரும் 1985இல் வெளியிட்ட நூல் இவ்வாவணங்களின் இயல்பைத் தெளிவுற விளக்கியது. கணினி வந்தபின் அவ்வழி அகன்றது. அம்முறையைச் சுருக்கிக் கூறுதும்.

முதற்கண் படத்தை ஒளிப்படமாகப் பிடித்துக் கணினியிற் சேமிப்பர். இஃது ஓவியமே, இதனால் எண்ணிக் கணக்கிடல் ஆகாது. அடுத்து, பழைய படத்தில் இன்றும் மாறாது நிற்கும் இடங்களைத் தேர்வர்: கோயிற் கோபுரம், பாலம், சாலைக் கூடுமிடம், பழைய வீட்டின் மூலை என்பன போல்வன. அவற்றின் இற்றை நிலக்குறியீடுகளைக் கொடுத்து, பழம்படத்தை இற்றைப் படத்தின்மேற் பொருத்துவர். தாளும் தோலும் காலத்தாற் சுருங்குவனவாகலானும், அளவைக்காரன் பிழை உடன்நிற்றலானும், பழம்படம் சிறிது நீட்டியும் வளைத்துமே பொருந்தும். எவ்விடத்து எத்துணை வளைக்க நேர்ந்தது என்பதே அப்படத்தின் நுட்பத்துக்கு ஓர் உரைகல்லாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்க அளவைத்துறை வெளியிட்ட பெரும்படங்கள் இப்பொருத்தத்திற்கு நடுவண் நின்று உதவுவன.

பின்னர், ஒவ்வொரு நிலத்துண்டின் எல்லையையும் தொடர்ந்து கோடிட்டு அதனை ஒரு மூடிய வடிவாக்குவர். பகிர்வேட்டின் ஒவ்வொரு வரியையும் அட்டவணையாகப் பெயர்த்தெழுதுவர். முடிவில், நிலத்துண்டின் எண் கொண்டு வடிவையும் வரியையும் இணைப்பர். இவ்விணைப்பு முடிந்தவழி, உழுநிலமெல்லாம் ஒரு நிறமாகவும் காடெல்லாம் ஒரு நிறமாகவும் ஒரு நொடியில் எழுந்து தோன்றும். ஒரு செல்வருடைய நிலங்கள் பத்து ஊர்களிற் சிதறிக் கிடப்பினும் ஒருங்கே காணப்படும்.

இவ்வேலையை ஒரு நாடு முழுமைக்கும் செய்துகாட்டியது வேல்சு. 2014ஆம் ஆண்டு தொடங்கிக் கனெவின் என்னும் பெயரால் நடந்த முயற்சியில், அந்நாட்டுத் தசமபாகப் படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஒளிப்படமாக்கப்பட்டன. படங்களைப் பொருத்துதலையும் ஏடுகளைப் பெயர்த்தெழுதுதலையும் பொதுமக்களே தொண்டாகச் செய்தனர். கனெவின் என்னும் வேல்சுச் சொல் ஒருவன் தனக்குரியதென உணரும் வாழிடத்தைச் சுட்டும். தம் பாட்டன் உழுத வயலின் பெயரைத் தம் கையாலேயே எழுத்தெழுத்தாகப் பெயர்த்த தொண்டர்க்கு அச்சொல்லின் பொருள் விளக்க வேண்டாமன்றோ!

4. படம் காட்டுவன

இவற்றாற் பெறும் பயனை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, உழவின் ஏற்றத்தாழ்வு. 1870ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்திறங்கியமையின், இங்கிலாந்தில் உழுநிலம் பெரிதும் புல்நிலமாயிற்று. அம்மாறுதலுக்கு முன்னிருந்த நிலையை வயல்வயலாகக் காட்டுவது தசமபாகப் படம். 1930ஆம் ஆண்டுகளில் டட்லி ஸ்டாம்பு என்னும் புவிநூலறிஞர், பள்ளிச் சிறாரையும் தொண்டரையும் கொண்டு நாடெங்கும் நிலப்பயன்பாட்டைப் படமாக்கினார். இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கின், இடைப்பட்ட ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளில் எந்த மண் ஏரை விட்டது, எந்த மண் விடாது நின்றது என்பது புலனாம்.

இரண்டாவது, காடும் வேலியும். 1600ஆம் ஆண்டிலிருந்து இடையறாது நிற்கும் காடுகளைத் தொல்காடு எனப் பெயரிட்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் காக்கின்றனர். ஒரு காடு அத்தகையதோ எனத் துணிதற்குரிய சான்றுகளுள் தசமபாகப் படமும் ஒன்று. அதன்கண் உழுநிலமெனக் குறித்தவிடம் இன்று மரஞ்செறிந்து நிற்பினும் தொல்காடு ஆகாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரும்பொறிகள் உழவுக்கு வந்தமையால் அழிக்கப்பட்ட உயிர்வேலிகள் எங்கெங்கு ஓடின என்பதும் இப்படங்களால் அறியலாகும்.

மூன்றாவது, பெயர். ஆலைவயல், செங்கற்காளவாய் நிலம் என்பன போன்ற பெயர்கள் ஏட்டில் நிரம்ப உள்ளன. ஆலையும் காளவாயும் சுவடின்றி மறைந்தபின்னும், அங்கே ஒரு தொழில் நிகழ்ந்ததென்பதற்குப் பெயரே கரியாய் நிற்கின்றது. அப்பெயரை வழங்கினார் ஏடறியாக் குடிகள். அதனை ஏட்டிலேற்றினான் தொகை பகிரவந்த எழுத்தன்.

5. ஐயமும் விடையும்

அற்றேல், கணினியிலேற்றிய இப்படங்கள் காட்டுவன யாவும் உண்மையே எனக் கொள்ளலாமோ எனின், அற்றன்று. குற்றம் நான்கு நோக்கத்தக்கன.

ஒன்று, படங்கள் நாடு முழுமையும் தழுவாமை. இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்த பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கிற்கே இவை உள. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பொதுநிலங்களைத் தனித்தனி வேலியிட்டுப் பிரித்தற்கு முன்னரே நிறைவேறிய சட்டங்கள், தசமபாகத்திற்கு ஈடாக நிலமே கொடுத்து அக்கடமையை முடித்துவிட்டன. ஆண்டுப் படமில்லாமை உழவில்லாமைக்குச் சான்றாகாது.

இரண்டு, சொல்லின் பொருள் ஊருக்கூர் வேறுபடல். தானியமும் புல்லும் மாறிமாறி விளைக்கும் நிலத்தை ஒருவர் உழுநிலம் என்றும், மற்றொருவர் புல்நிலம் என்றும் எழுதுதல் கூடும். பயன்பாட்டைக் குறியாது விட்ட ஏடுகளும் உள. கணினியில் ஏற்றுவோர் அவ்வெற்றிடத்தைத் தம் ஊகத்தால் நிரப்பின், ஊகம் ஆவணம்போல் தோன்றி மயக்கும்.

மூன்று, ஆவணம் தன் நோக்கத்தைக் கடவாமை. பயிரிடுவார் பெயர் என எழுதப்பட்டவர் குத்தகைக்காரர். கூலிக்கு உழைத்தார் பெயர் அவ்வேட்டில் இல்லை. வேல்சு நாட்டிற் சிலவிடத்து, அந்நாட்டு மொழியறியாத எழுத்தர் கேட்டபடி எழுதியமையால் வயற்பெயர்கள் சிதைந்தன.

நான்கு, கணினியின் பொலிவு. கையால் வரைந்த கோணற்கோடு கணினியில் நேர்கோடாகவும், மங்கிய நிறம் தெளிந்த நிறமாகவும் மாறுகின்றது. காண்பார் அத்தெளிவை அளவையின் நுட்பமெனப் பிறழவுணர்வர். ஆதலின், முதல்வகைப் படம் இது, அல்லாதது இது என ஒவ்வொன்றன் தகுதியையும் வடிவத்தோடு சேர்த்தே எழுதிவைத்தல் நேர்மையுடையார் கடன். கணினி விரைவைக் கொடுக்கும். வாய்மையைக் கொடுப்பது மூல ஆவணமும் அதனை ஐயுற்று ஆராயும் அறிவுமே.

6. நம் நாட்டு ஆவணம்

இனி, சமயத்துக்கு உரிய நிலத்தை அளந்து பொறித்தலில் நம் முன்னோர் எந்நிலையினர் எனச் சிறிது நோக்குவாம். முதலாம் இராசராசன் காலத்திற் சோழநாடு அளக்கப்பட்டது. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுக்கள், அக்கோயிற்கு வருவாய் விட்ட ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றன. ஊரின் மொத்தப் பரப்பைக் கூறி, அதனின்று ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு என்னும் இறையிறா நிலங்களைக் கழித்து, எஞ்சிய நிலத்தையும் அதன் காணிக்கடனையும் அவை காட்டும். பரப்போ வேலி, மா, காணி, முந்திரிகை எனக் குறைந்து, அதனினும் நுண்ணிய கீழ்வாய்ப் பின்னங்கள் வரை செல்லும். ஆங்கிலநாட்டுப் பகிர்வேடு எழுதப்படுதற்கு எண்ணூற்றிருபது ஆண்டுகட்கு முன்னரே, அவ்வேட்டின் இயல்புடைய ஓராவணம் இங்குக் கல்லில் வெட்டப்பட்டது. படம் ஒன்றே அதன்கண் இல்லாதது.

இவ்விரண்டனுள்ளும் ஓர் ஒற்றுமை உண்டு. கோயிற்குரிய பங்கினை வரையறுக்கப் புகுந்தவர், அப்பங்கினை மட்டுமன்றி, அது பிறக்கும் ஊர் முழுவதையும் எழுத நேர்ந்தது. பத்திலொரு பங்கை அறியப் பத்துப் பங்கையும் அளத்தல் வேண்டும். இறையிறா நிலத்தைக் கழித்தற்குச் சுடுகாட்டையும் சேரியையும் சுட்டல் வேண்டும். அதனால், அவர் கருதாத பெரும்பயன் பின்வந்தார்க்கு விளைந்தது.

வேற்றுமையும் ஒன்றுண்டு. ஆங்கில ஆவணத்தில் ஊர் ஏடும் ஊர்ப்படமும் ஓரெண்ணால் இணைந்து நிற்றலின், இன்று அவ்வயலிடத்தே சென்று நின்று இதுவென்று சுட்டலாம். நம் கோயில் நிலங்களின் செய்தியோ பலவிடத்துச் சிதறியுள்ளது. கல்வெட்டொன்று, செப்பேடொன்று, ஓலைக்கணக்கொன்று, 1858ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தில் நடந்த இனாம் விசாரணையில் எழுந்த பதிவேடொன்று, அளவைத்துறையார் வரைந்த ஊர்ப்படமொன்று என அவை வேறுவேறாக உள. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, கல்வெட்டிற் கூறிய குளம் படத்தில் எவ்விடத்தது, ஏட்டிற் கூறிய நந்தவனம் இன்று யாதாயிற்று என ஊர்தோறும் கண்டெழுதின், அது கோயில் வரலாறும் ஆம். குடிகள் வரலாறும் ஆம். நீர்நிலைகளின் வரலாறும் ஆம். இதற்கு வேண்டிய கருவி கணினியில் உளது. வேண்டிய தொண்டர் வேல்சு நாட்டில் அகப்பட்டாற்போல ஈண்டும் அகப்படாமற் போகார்.

முடிவாக ஒன்று. தசமபாகத்திற்கு மாற்றாக வந்த பணத்தொகையும் நெடுநாள் நிலைத்திலது. உழவு நலிந்த காலத்தில் அதற்கும் எதிர்ப்பெழுந்து, 1936ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டது. அதற்கீடாக அரசாங்கம் பெற்றுவந்த ஆண்டுத்தொகையும் 1977இல் முடிந்தது. கொடுத்தாரும் பெற்றாரும் மாறுபட்டு நின்ற கடமை இன்று இல்லை. அதனை அளத்தற்கு வரைந்த படமோ நிற்கின்றது. யாரும் கேளாத வினாக்கட்கு விடை கூறி நிற்கின்றது. மும்மூன்று படி எழுதிவைத்த முன்கருதலே அதனைக் காத்தது. நம் ஊர்க்கோயிலின் ஏடுகளும் படங்களும் எங்கோ ஒரு பெட்டியில் ஒரே படியாய்க் கிடப்பின், அவற்றுக்குப் பிறிதொரு படி இன்றே எடுத்து வைத்தல் அன்பர் ஒவ்வொருவர்க்கும் எளிதிற் கைகூடும் திருத்தொண்டாம் என்க.